அல்சூர் மொட்டை மாடியில் அயோ மறைந்த இரவு

தை பிறந்துவிட்டால் பெங்களூரின் வானம் மூட்டம் நீங்கித் துலக்கமாகிவிடும். சென்ற தை மாதத்தின் நடுவில் ஓரிரவு, அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் இடையே முக்காலியை நிறுத்தி, நான்கு அங்குலத் தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினேன். தெருவிளக்குகளின் வெளிச்சத்தால் இந்நகரத்து வானில் மங்கலான விண்மீன்களெல்லாம் எப்போதோ காணாமற்போய்விட்டன என்றாலும், வியாழனும் அதன் நான்கு பெரிய நிலாக்களும் இன்றும் நமக்கு மிச்சமிருக்கின்றன.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், எந்தக் கோளுக்கு எத்தனை நிலா என்ற பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதுதான் அவளை மேலே அழைத்து வந்தேன். அந்தப் பட்டியல் ஏற்கெனவே பழையதாகிவிட்டது. 2025 மார்ச்சில் சனிக்கு 128 நிலாக்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டு, அதன் மொத்த எண்ணிக்கை 274 ஆயிற்று. எண்ணிக்கையைப் படிப்பதற்கு முன் ஒரு நிலாவாவது நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டு மணிக்கு அவள் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு வட்டமும் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகளும் வரைந்தாள். மேற்குப் பக்கத்தில், கோளின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ அரைவட்ட அகலம் தள்ளி நின்றது அயோ. (தமிழில் இப்பெயரைப் பலவிதமாக எழுதுகிறார்கள், ‘ஐயோ’ என்று எழுதினால் அலறலாகிவிடும் என்பதால் நான் இப்படி எழுதுகிறேன்.) மணிக்கு 62,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் நிலா அது. அரை மணி கழித்து வரைந்த படத்தில் இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒன்பது மணிக்குமேல் “அப்பா, ஒட்டிக்கிச்சு” என்றாள். 9.10-க்கு அந்தப் புள்ளி வியாழனுக்குப் பின்னால் போய்விட்டது.

அது திரும்ப வரும்வரை காத்திருப்பது என்று முடிவுசெய்து, அந்த நேரத்தில் அயோவைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். நம் நிலாவைவிடச் சற்றே பெரிதான அயோ, சுமார் 42 மணி நேரத்தில் வியாழனை ஒரு முறை சுற்றிவிடுகிறது. அது நான்கு சுற்றுச் சுற்றும் நேரத்தில், அந்தப் பெரிய நிலாக்களில் வேறு இரண்டான யூரோப்பா இரண்டு சுற்றும், கானிமீடு ஒரு சுற்றும் முடிக்கின்றன. இந்தத் தாளக்கட்டினால் யூரோப்பா ஒவ்வொரு முறையும் அயோவை அதன் பாதையின் ஒரே இடத்தில் பிடித்து இழுக்க, பாதை ஒருபோதும் முழு வட்டமாக முடிவதில்லை. ஆகவே வியாழனின் ஈர்ப்பு கூடியும் குறைந்தும் அந்நிலாவின் உடலைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அதன் தரை நூறு மீட்டர் வரை எழுந்து தாழக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பிசைவில் பிறக்கும் சூடு பாறையை உருக்கும் என்று வானியலாளர் ஸ்டான்டன் பீலும் அவருடைய தோழர்கள் இருவரும் 1979 மார்ச் தொடக்கத்தில் எழுதினார்கள். அதே மாதம் 5-ஆம் தேதி வாயேஜர்-1 விண்கலம் வியாழனைக் கடந்து சென்றது. 9-ஆம் தேதி, லிண்டா மொராபிட்டோ என்னும் பொறியாளர் அது அனுப்பிய படத்தில் அயோவின் விளிம்புக்கு மேல் குடைபோல் விரிந்த எரிமலைப் புகையைக் கண்டுபிடித்தார். கணக்குப் போட்டுச் சொன்ன ஒன்று சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரிந்த இந்நிகழ்வை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கானிமீடைப் பற்றிச் சொல்லும்போது நம் பக்கத்து ஊர் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. கோரமங்களாவில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது. 1972-இல் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்தும் ஜாவாவிலிருந்தும் கவனித்த வானியலாளர்கள், அதற்கு மெல்லிய காற்றுமண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். அவர்கள் கணித்ததைவிட அது மிக மிக மெல்லியது என்பது வாயேஜரால் தெரிந்தது. சொற்பமான ஆக்சிஜன் அங்கு இருப்பதைப் பின்னர் ஹபிள் தொலைநோக்கி கண்டது.

மறைந்த நிலா வெளிவரும் நேரத்தைக் குறிப்பது நாங்கள் புதிதாகச் செய்த வேலை அன்று. வியாழனைவிட்டுப் பூமி விலகிச் செல்லும் மாதங்களில் அயோ நிழலிலிருந்து வெளிவருவது கணக்கைவிடத் தாமதமாகிக்கொண்டே போவதைப் பாரிஸிலிருந்த வானியலாளர் ஓலே ரோமர் கவனித்து, ஒளி நம்மை வந்தடைய நேரம் பிடிக்கிறது என்று 1676-இல் காட்டினார். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணிப்பு. உண்மையில் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் மாடியிலிருந்து பார்த்த மறைவும் அது நடந்து அரை மணிக்குமேல் ஆன பிறகு எங்களை வந்தடைந்ததுதான்.

பதினொன்றரைக்கு மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். கிழக்கு விளிம்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தவளிடம், வியாழனின் நிழல் இப்போது கிழக்கே சாய்ந்து விழுகிறது, அதைத் தாண்டிய பிறகே அயோ தெரியும் என்பதால் சற்றுத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். 11.55-க்கு, விளிம்பைத் தொடாமல், வெறும் இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஊசிமுனை ஒளி தோன்றி, மூன்று நான்கு நிமிடங்களில் மெல்ல மெல்லப் பிரகாசித்து முழு அயோ ஆயிற்று. அவள் கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டிப் பென்சிலைக் கேட்டாள்.