ஜின்னியின் டைரி

டிசம்பர் 24

இரவு நானும் அக்கா மகளும் ‘ஹாரி பாட்டர் அண்ட் த சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ்’ பார்க்க உட்கார்ந்தோம். 2002இல் வந்த படம். எட்டுப் படங்களில் இதுதான் நீளம், 161 நிமிடம். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நாளைக்கு வைத்துக்கொண்டோம்.

சின்ன வயதில் எனக்கு இந்தப் படம் என்றால் பறக்கும் காரும் பாசிலிஸ்க் பாம்பும்தான். இந்த முறை கண் ஹாரியின் நண்பன் ரானின் தங்கை ஜின்னி வீஸ்லியை விட்டு நகரவே இல்லை. ஸ்வெட்டரைக் காணோம் என்று அம்மாவிடம் கேட்டபடி படியிறங்கி வருகிறாள். ஹாரியைக் கண்டதும் வந்த வழியே ஓடிவிடுகிறாள். அறிமுகம் அவ்வளவுதான்.

புத்தகக் கடைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஹாரியோடு படிக்கும் டிராகோவின் அப்பா லூசியஸ் மால்ஃபாய் அவளுடைய கொப்பரையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, ஏளனமாகப் பேசிவிட்டுத் திரும்பப் போடுகிறார். எடுத்தது ஒன்று, போட்டது இரண்டு; கூட விழுந்தது ஒரு மாய டைரி. எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை.

டிசம்பர் 25

மீதியையும் பார்த்தாயிற்று.

ஹாரி கைக்கு வந்த அந்த டைரியை அவன் திறக்கும் காட்சி இன்னும் அப்படியே பிடித்து இழுக்கிறது. வெற்றுத் தாளில் ஒரு சொட்டு மை விழுகிறது, தாள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. தன் பெயரை எழுதுகிறான், அதுவும் மறைகிறது. அப்புறம் உள்ளேயிருந்து பதில் எழுந்து வருகிறது. அக்கா மகள், “சித்தி, டைரி திரும்பப் பேசினா நல்லாத்தானே இருக்கும்?” என்றாள். அவளுக்கும் 11 வயது, ஜின்னியின் வயது. ஜின்னிக்கும் அப்படித்தானே இருந்திருக்கும் என்றேன். ஆறு அண்ணன்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி, முதல் தடவையாக வீட்டை விட்டு மந்திரப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். பொறுமையாகக் கேட்க ஒருவன் கிடைத்தால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டத்தான் செய்வாள்.

பாதாள அறையில் டாம் ரிடில், டைரிக்குள்ளிருந்து பதில் எழுதிய இளவயது வோல்டமார்ட், அதைச் சொல்லிக் காட்டும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதக்கணக்கில் தன் கவலைகளையெல்லாம் அவனுக்கு எழுதியிருக்கிறாள், அவன் அதை அலட்சியமாகச் சொல்கிறான். அவன் அவளுக்குள் புகுந்து ஆட்டிவைக்க, பள்ளிச் சுவரில் எச்சரிக்கை எழுதியது அவள் கை. கடைசியில், தன்னைக் கொண்டுபோனதைப் பற்றிய வரியையும் அவளையே எழுத வைத்திருக்கிறான். இத்தனை நாளும் அவள் அதே உணவு மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள், நாலு அண்ணன்களும் பக்கத்திலேயே.

டிசம்பர் 27

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதில் ஒரு காலை நேரம். ஜின்னி வந்து ரான் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ சொல்ல வாயெடுக்கிறாள், வார்த்தை வரவில்லை. அதற்குள் இன்னொரு அண்ணன் பெர்சி வந்துவிடுகிறான். எழுந்து ஓடிவிடுகிறாள். பெர்சியோ, தன் ரகசியத்தைத்தான் சொல்ல வந்தாள் என்று நினைத்துக்கொள்கிறான்.

படத்தில் இது இல்லை. குவிடிச் ஆட்டத்துக்கும் சிலந்திக் காட்டுக்கும் அவ்வளவு நேரம் கொடுத்த படத்தில் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். அவள் சொல்ல முயன்றாள் என்பதே படம் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு இது பெரிய குறை.

இன்னொன்றும் போய்விட்டது. புத்தகத்தில் எல்லாம் முடிந்த பிறகு, ஜின்னிக்குத் தண்டனை எதுவும் கிடையாது, அவளைவிட வயதும் அறிவும் கூடியவர்களே வோல்டமார்ட்டிடம் ஏமாந்திருக்கிறார்கள் என்கிறார் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர். படுத்து ஓய்வெடு, சூடாக சாக்லேட் குடி என்று அனுப்புகிறார். இதை டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸின் குரலில் கேட்டிருக்க வேண்டும். இந்தப் படத்தில் அவர் குரல் மெலிந்து, கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகவே இருக்கிறது. படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2002 அக்டோபர் 25 அன்று இறந்துபோனார். ஒரு சின்னப் பெண்ணிடம் ‘உன் தப்பில்லை’ என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான குரல் எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் கடைசிக் கைதட்டல், செய்யாத குற்றத்துக்காகச் சிறை போய்த் திரும்பிய பள்ளிக் காவலர் ஹாக்ரிடுக்குப் போகிறது. அவருக்கு அது தகும், அதில் எனக்கு வருத்தமில்லை.

டிசம்பர் 28

அக்கா மகள் விடவில்லை. “அப்புறம் ஜின்னிகிட்ட யாருமே கேக்கலையா?”

ஐந்தாவது புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வோல்டமார்ட் தனக்குள் புகுந்துவிட்டானோ என்று பயந்து ஹாரி எல்லோரையும் விட்டு ஒதுங்கியிருக்கிறான். அப்படிப் புகுந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், என்னிடம் கேட்டிருக்கலாமே என்கிறாள் ஜின்னி. மறந்துவிட்டேன் என்கிறான் அவன். கொடுத்துவைத்தவன் நீ என்று சொல்லிவிட்டு, என்னென்ன அறிகுறி இருக்கும் என்று அவளே ஒவ்வொன்றாகக் கேட்டு அவன் பயத்தைத் தீர்த்துவைக்கிறாள்.

அக்கா மகள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அந்த இடத்தை இன்னொரு முறை படித்தாள். “மறந்துட்டானாமே!” என்று அவளுக்கு வந்த கோபம் ராத்திரி சாப்பாடு வரை தணியவில்லை.