பழைய சர்வர் சொல்லாமல் செய்த வேலைகள்

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் 14 பேர். சர்வர் ஒன்றே ஒன்று, அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. எல்லோருடைய ஃபைல்களும் அதில்தான், பில் போடும் மென்பொருளும் அதில்தான். 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்பது முன்பே தெரியும். தெரிந்தும் ஜூலை வரை தள்ளிப்போட்டோம். புதிய பதிப்புக்கு மாறினால் சர்வருக்கு ஒரு லைசென்ஸ், அதுபோக ஆள் கணக்கில் தனி லைசென்ஸ். "லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்று முதலாளியிடம் நான்தான் வாயைக் கொடுத்தேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. வேலை என் தலையிலேயே விழுந்தது.

லினக்ஸில் பல வகை உண்டு; எதை எடுப்பது என்பதில் அதிகம் குழம்பவில்லை. அவற்றில் ஒன்றான, ரெட் ஹேட் கம்பெனியின் சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பிப் போட்டவர்களுக்கு, 2021 கடைசியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது நினைவில் இருந்தது. அதனால் ஒரு கம்பெனியின் முடிவை நம்பி இருக்காத ஒன்று வேண்டும் என்று டெபியனை எடுத்தேன். 1993-லிருந்து தன்னார்வலர்கள் நடத்திவருவது. 12-ஆம் பதிப்பு அப்போதுதான், ஜூன் மாதம், வெளியாகியிருந்தது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2028 வரை கவலை இல்லை.

புதிய பெட்டியில் டெபியன் போடுவதும், இரண்டு டிஸ்க்கை ஒன்றுக்கொன்று நகலாக வைப்பதும் ஒரே மதியத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. பழைய சர்வர் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன்: ஃபைல், பிரிண்டர், பில். மூன்றே வரி. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது அதில் பதினோரு வரி இருக்கிறது.

முதல் தடை நான் கனவிலும் நினைக்காத இடத்தில் வந்தது. ஃபைல்களை ஆர்சிங்க் மூலம் நகலெடுத்தபோது, சிலவற்றை மட்டும் பெயர் நீளம் என்று சொல்லி மறுத்துவிட்டது. பார்த்தால் எல்லாமே தமிழ்ப் பெயர்கள். எங்கள் அலுவலகத்தில் சிலர் கடிதத்தின் பொருள் வரியை முழுசாக ஃபைல் பெயராகவே வைத்துவிடுவார்கள். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகள் வரை விடும். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இஎக்ஸ்டி4-இலும் எல்லை 255தான், ஆனால் அது பைட் (கணினி சேமிக்கும் அடிப்படை அலகு) கணக்கு. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து; புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு ஐந்து, ஆக 15 பைட். அப்படிப் பார்த்தால் 85 குறியீட்டிலேயே கதை முடிந்துவிடும். வேறு வழியில்லை, பழைய சர்வரிலேயே ஒவ்வொன்றாகப் பெயரைச் சுருக்கினேன். பெயர் வைத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்ததில் இரண்டு நாள் போனது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தச் சிக்கலை நான் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு ஒரு எழுத்து ஒரு பைட், அவர்களுக்கு ஏன் வரப்போகிறது!

ஒரு சனிக்கிழமை மாலை பழைய சர்வரை அணைத்துவிட்டு, புதியதை அதே பெயரிலும் அதே நெட்வொர்க் முகவரியிலும் ஏற்றினேன். விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர்வுக்கு சம்பா என்ற மென்பொருள். எங்களிடம் டொமைன் (எல்லாக் கணினிக்கும் பொதுவான கணக்கு ஏற்பாடு) எல்லாம் கிடையாது, சர்வரிலேயே ஆளுக்கொரு கணக்குதான். பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை, எல்லோருக்கும் புதிதாகக் கொடுத்தேன். திங்கள் காலை அதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு. அப்புறம் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்று புகார். ஃபைல் அதை உருவாக்கியவர் பெயரிலேயே நின்றுவிட்டது, கூட வேலை செய்பவர்களுக்கு எழுதும் உரிமை போகவில்லை. பகிர்வு ஃபோல்டருக்கு ஒரு பொதுக் குழுவை வைத்து, உள்ளே எது உருவானாலும் அந்தக் குழுவுக்கே போகும்படி சம்பாவில் நாலு வரி சேர்த்ததும் சரியானது. சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை? நான் ஒரே ஆளாக, ஒரே கணக்கில் சோதித்திருந்தேன்.

அன்று மதியமே, "அண்ணா, ஸ்கேன் பண்ணினா ஃபோல்டர்ல வரலை" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். ஸ்கேனர் பழசு. அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டும்தான். பாதுகாப்புக் காரணமாக சம்பா 4.11-இலிருந்தே அது முன்னிருப்பாக முடக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரி மாற்றினால் திறந்துவிடலாம். ஒரு ஸ்கேனருக்காக வீட்டுக் கதவையே திறந்து வைப்பதா என்று, அதற்கு மட்டும் எஃப்டிபி என்ற வேறொரு ஃபைல் அனுப்பும் முறை வழியாக ஒரு தனி ஃபோல்டர் ஒதுக்கினேன்.

செவ்வாயும் புதனும் அமைதியாகப் போயின. வியாழக்கிழமை காலை, இரவிலும் அணைக்காமல் விடும் இரண்டு கணினிகளில் நெட்வொர்க் இல்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன், சம்பாவின் பதிவுகளை ஒரு மணி நேரம் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அந்தக் கணினிகளின் முகவரியைப் பார்த்தால் 169.254 என்று ஆரம்பிக்கிறது. யாரும் முகவரி கொடுக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக எல்லோருக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது ரவுட்டர் இல்லை, பழைய சர்வர். எனக்கு முன்னால் இருந்தவர் முகவரி கொடுக்கும் அந்தச் சேவையை, அதாவது டிஎச்சிபியை, அதில் வைத்திருக்கிறார், எங்கும் எழுதி வைக்கவில்லை.

சரி, சனிக்கிழமை அணைத்ததற்கு வியாழன் வரை ஏன் ஓடியது? விண்டோஸ் டிஎச்சிபி ஒரு முகவரியை வழக்கமாக எட்டு நாளுக்குக் குத்தகையாகக் கொடுக்கும். பாதி நாள் ஆனதும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் எட்டு நாள் முடியும் வரை பழைய முகவரியிலேயே ஓட்டும். அணைக்காத கணினிகளுக்குக் குத்தகையில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே கழிந்திருந்தது, அதனால் அவை முதலில் விழுந்தன. சனிக்கிழமை காலை போட்ட மற்ற கணினிகளுக்கு முழு எட்டு நாள் கிடைத்திருந்தது. இந்த இரண்டும் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அடுத்த திங்கள் காலை மொத்த அலுவலகமும் ஒரே நேரத்தில் நின்றிருக்கும், நான் சம்பாவைத் திட்டிக்கொண்டிருப்பேன். ரவுட்டரில் டிஎச்சிபியை இயக்க இரண்டு நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகுதான் பழைய சர்வரை நெட்வொர்க் இல்லாமல் ஆன் செய்து, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான டாஸ்க் ஷெட்யூலரை வரிக்கு வரி படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பில் மென்பொருளை மட்டும் மாற்ற முடியவில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் என்று தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். டெபியனுக்குள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் கேவிஎம் மூலம் ஒரு விண்டோஸை வைத்து அதில் ஓட்டுகிறோம். இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. முழுசாக மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் திட்டமே நின்றுபோயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க என் தவறு. பேக்கப்புக்கான யூஎஸ்பி டிஸ்க்கை எஃப்எஸ்டேப் கோப்பில் (ஆன் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) சேர்த்தபோது 'நோஃபெயில்', அதாவது டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரலாம், என்ற சொல்லைப் போட மறந்துவிட்டேன். டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. சர்வர் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவசர நிலைத் திரையில் போய் நின்றுகொண்டது. மானிட்டரும் இணைத்திருக்கவில்லை. நான் அலுவலகம் போய்ச் சேரும்வரை 14 பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது யூஎஸ்பி டிஸ்க் இல்லை. பழைய சர்வரின் டிஸ்க்குகளைத் துடைத்து, அதிலும் டெபியன் போட்டு, இன்னொரு அறையில் வைத்திருக்கிறேன். தினமும் இரவு புதியதிலிருந்து பேக்கப்பை இழுத்துக்கொள்கிறது. அது என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.