காதுக் குறும்பியும் ஒற்றை இனிஷியலும்

ராணுவத்தின் செவிலியர் பிரிவான மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் பி.எஸ்சி. நர்சிங் சேர தேசபக்தி மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னால் என் அம்மாவே சிரிப்பார். எம்.எஸ்சி. வரை போக ஆசை, வீட்டில் அதற்குப் பணம் இல்லை. இங்கே நான்கு வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. முடித்தால் லெப்டினன்ட் என்ற அதிகாரி பதவி. ஆறு கல்லூரிகள், 220 இடங்கள், பெண்களுக்கு மட்டும்.

நீட், ஷார்ட்லிஸ்ட், கணினித் தேர்வு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஒன்று மட்டும்: நீட் எழுதிவிட்டால் போதாது, ராணுவ ஆட்சேர்ப்புத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என் தோழி இதில்தான் கோட்டைவிட்டாள்.

வினை டெல்லியில், சான்றிதழ் சரிபார்ப்பில் காத்திருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எனக்கு ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கோ நான் இரண்டு ஆள். அப்புறம், "பயாலஜி மார்க் எங்கே?" என்றார். நான் ப்யூர் சயின்ஸ் குரூப். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். நல்லவேளை, அறிவிப்பை அச்செடுத்து வைத்திருந்தேன். அதில் பயாலஜி என்றாலே அந்த இரண்டும்தான் என்று போட்டிருந்த வரியைக் காட்டினேன். மனிதர் ஒன்றும் பேசாமல் டிக் அடித்தார். அந்த டிக் தந்த சந்தோஷம் நீட் ரிசல்ட்கூடத் தரவில்லை.

இனிஷியலுக்கு மட்டும் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றுவிட்டார். இந்தி தெரியாமல் நோட்டரியைத் தேடி அரை நாள் வெயிலில் அலைந்தோம். ஊரிலேயே ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்டர்வியூ சுமாராகப் போனது. மெடிக்கலில் "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதிவிட்டார்கள். காரணம், காதில் அழுக்கு! செவிப்பறை தெரியவில்லையாம். ஊருக்கு வந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சுத்தம் செய்ய ஐந்தே நிமிடம். மறுபரிசோதனைக்கு வேறொரு ராணுவ மருத்துவமனைக்கு இன்னொரு ரயில் பயணம். கிளம்பும் முன்பே காதையும் பல்லையும் காட்டிவிடுங்கள், இரண்டு டிக்கெட் காசு மிச்சம்.

அந்த ரயிலில்தான் உட்கார்ந்து யோசித்தேன். பாண்டில், அதாவது சர்வீஸில் இருப்பேன் என்ற ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டால் பாதியில் விலகப் பணம் கட்ட வேண்டும். எம்.எஸ்சி.யும் தானாக வந்துவிடாது. சர்வீஸில் இருக்கும் ஓர் அக்கா ஒளிக்காமல் சொன்னார்: இடம், சீனியாரிட்டி, அனுமதி மூன்றும் ஒத்துவர வேண்டும், அவசரக்காரர்களுக்கு வெளியே இருப்பதே மேல் என்று. பாட்டிக்குக் கல்யாணக் கவலை. கல்யாணம் செய்ததற்காக வேலையிலிருந்து அனுப்பும் விதி 1995-லேயே போய்விட்டது. அதற்கு முன்பு அப்படி அனுப்பப்பட்ட ஓர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் தரும்படி 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைச் சொன்னதும், "அவ்வளவு பணமா?" என்று மட்டும் பாட்டி கேட்டார்.

எனக்கு அவசரம் இல்லை, கடன்தான் பயம். சரி என்று முடிவெடுத்தேன். போன வாரம் இறுதிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இருக்கிறது, இனிஷியலே இல்லாமல்.