தபசு காலம், அம்மா, தண்ணி

மார்ச் 5, 2025. திருநீற்றுப் புதன்

பூசைக்குப் போகல, ஸ்ட்ரோக்ல இடது பக்கம் விழுந்து படுத்திருக்கிற அம்மாவ விட்டுட்டு எப்படிப் போறது. சாயங்காலம் ஃபாதரே வீட்டுக்கு வந்து அம்மா நெத்தில சாம்பல் வச்சுட்டுப் போனாரு. அவரு வாசல் தாண்டுறதுக்குள்ள அம்மா கேட்டது, "போப்பு எப்படி இருக்காராம்?" போப் ஃப்ரான்சிஸ் இன்னும் ஆஸ்பத்திரிலதான்மான்னேன். "யாரு கூட இருக்கா அவருக்கு?" தெரியலம்மா. அதக்கூட விசாரிக்காம என்ன பண்றங்கிற மாதிரி ஒரு பார்வை.

மார்ச் 6

ராத்திரி போப்போட குரல் போட்டாங்க. ஸ்பானிஷ்ல ரெக்கார்ட் பண்ணது, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குது. பாஷை புரியல, ஆனா அம்மா திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாங்க. "எனக்கும் இப்படித்தான் கேக்குதா பேச்சு?" இல்லம்மா, உங்களோடது தெளிவா இருக்குன்னேன். பொய்தான்.

மார்ச் 9

தண்ணி குடிக்க மாட்டேங்குறாங்க. காலைல வச்ச டம்ளர் மத்தியானம் அப்படியே இருக்கு. தாகம் இல்லடாங்கிறாங்க, உதடு காஞ்சு வெடிச்சிருக்கு, யூரின் கடும் மஞ்சளா வருது, நாத்தம் வேற, நான் மாத்திரையாலன்னு நெனச்சுட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் பகல்ல அம்மாவப் பார்த்துக்க வேலைக்கு வர்ற அக்கா என்னைய ஓரமா கூப்பிட்டு சொன்னாங்க, தம்பி உங்கம்மா வேணும்னேதான் குடிக்கறதில்ல, குடிச்சா ராத்திரில மாத்தணும்ல, ராத்திரி நீங்க மட்டும்தான இருக்கீங்கன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நாலு மணிக்கு மேல ஒரு சொட்டு உள்ள போறதில்லையாம். நான் தொடக்கூடாதுன்னு தன்னையே காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த அக்காவுக்கு இது எத்தனை நாளா தெரியும்னு கேக்கல, கேட்டா கோவம் வந்துரும்.

இதுல என்ன கொடுமைன்னா, எங்க கோயில் பங்குல யார் வீட்ல சாவு விழுந்தாலும் முதல் ஆள் வர்றது எங்கம்மாவத் தேடித்தான். குளிப்பாட்ட. சொந்தக்காரங்களே கிட்டப் போகப் பயந்த உடம்பையெல்லாம் இவங்க குளிப்பாட்டி, துணி மாத்தி, தலைவாரி விட்டிருக்காங்க. ஒரு தடவ கூட வீட்டுக்கு வந்து யார் எப்படி இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இப்ப தன் மகன் ஒரு டயபர் மாத்தக்கூடாதாம்.

மார்ச் 10

இன்ஃபெக்‌ஷன்தான். டாக்டர் அம்மாவ விட்டுட்டு என்னைய திட்டினாரு.

மார்ச் 14

சிலுவைப்பாதை முடிச்சுட்டு ஒரு கூட்டமா வந்தாங்க. ஜெபம் பண்ணாங்க, பாட்டு பாடினாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. போகும்போது ஒருத்தர், "உங்க மகன் எவ்ளோ பெரிய சேவை பண்றாரு, இதுதான் தாழ்ச்சி"ன்னு சொல்லி எல்லாரையும் கட்டிலச் சுத்தி நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்தாரு. அம்மா முகத்த சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அவங்க போனப்புறம் நான் கடுப்புல, வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு மத்தேயு ஆறுல இருக்கே, இவங்கெல்லாம் படிக்கவே மாட்டாங்களான்னேன். அம்மா, "என் இடது கைக்கு இப்ப ஒண்ணுமே தெரியாதுடா, அந்த விஷயத்துல நான் பாஸ்"ன்னாங்க. எவ்ளோ நாளாச்சு அவங்க ஜோக் அடிச்சு!

மார்ச் 17

தூக்கம் இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும், அலாரம் வச்சுக்கிட்டு படுக்கறதுக்கு முழிச்சே இருக்கலாம்னு துறவிகளுக்கு புனித பெனடிக்ட் எழுதின ஒழுங்குமுறைய எடுத்தேன். ஆறாம் நூற்றாண்டு புக்கு, எடுக்கும்போது நாலு பக்கத்துல தூங்கிருவேன்னுதான் நெனச்சேன். ஏழாவது அதிகாரம்தான் பேமஸ், தாழ்ச்சிக்கு பன்னெண்டு படி. எனக்கு அது ஒட்டல. ஒட்டினது 35ம் 36ம். 35 கிச்சன் வேலை பத்தி. எல்லாரும் முறை வச்சு பரிமாறணும், வாரக் கடைசில துண்டெல்லாம் துவைச்சு வச்சு, வேலைய முடிச்சவரும் அடுத்த வாரத்துக்கு வர்றவரும் சேர்ந்து எல்லார் காலையும் கழுவணும், பாத்திரத்த சுத்தமா எண்ணி ஒப்படைக்கணும். அவ்ளோதான், பெரிய பேச்சே இல்ல, வேலைப் பட்டியல் மட்டும். 36 நோயாளிகளப் பத்தி. எல்லாத்துக்கும் முன்னாடி அவங்களத்தான் கவனிக்கணும், கிறிஸ்துவுக்கே செய்யற மாதிரின்னு ஆரம்பிச்சு, அடுத்ததா நோயாளிக்கும் ஒரு வரி வச்சிருக்காரு, ரொம்ப கேட்டுக் கேட்டு பார்த்துக்கறவங்கள நோகடிக்காதீங்கன்னு. ஆனா அப்படியே நோகடிச்சாலும் பொறுத்துக்கணுமாம்.

ஒண்ணுமே கேக்காம நோகடிக்கிறவங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் மனுஷன்.

மார்ச் 18

குதிகால்ல சிவப்பு. அழுத்தினா வெளுக்கல. தலகாணிய கெண்டைக்காலுக்கு அடில வச்சு குதிகால் எதுலயும் படாம தூக்கி வச்சிருக்கேன்.

மார்ச் 23

போப்ப டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க! பால்கனில வீல்சேர்ல வந்து கை காட்டினாரு. மூச்சே விட முடியல, அதுலயும் கீழ நின்ன ஒரு அம்மாவப் பார்த்து, மஞ்சப் பூ வச்சிருக்கிற அந்த அம்மா நல்லவங்கன்ற மாதிரி ஏதோ சொன்னாரு. எங்கம்மா சிரிச்ச சிரிப்பு! பாதி முகம்தான் சிரிக்குது, அது போதும். அப்புறம் அதே கேள்வி, யாரு பார்த்துக்கிறா. இந்தத் தடவ தேடி வச்சிருந்தேன். ஸ்ட்ரப்பெத்தின்னு ஒரு நர்ஸ் இருக்காரும்மா, ஆம்பளதான், 2021 ஆபரேஷன் சமயத்துல ஒரு நர்ஸ்தான் என் உயிரக் காப்பாத்தினாருன்னு போப்பே சொன்னது இவரப் பத்திதானாம். "ஆம்பளைக்கு ஆம்பள. அது சரி"ன்னாங்க. "அது சரி"ய அழுத்திச் சொன்னாங்க.

மார்ச் 29

அக்காவோட பையனுக்கு டெங்கு. எப்ப வருவாங்கன்னு தெரியல. வேற ஆள் பார்க்கலாம்னா அம்மா வேணாங்கிறாங்க.

ஏப்ரல் 1

சண்டை. நான் கத்தினேன், அவங்களுக்கு கத்த வராது, அதனால கண்ண மூடிக்கிட்டாங்க. ஈரத்துலயே படுத்திருக்காங்க, புண்ணு வரும்மான்னா, வரட்டுங்கிறாங்க. கடைசில பக்கத்து வீட்டுல கூப்பிட்டு மாத்தினோம், அவங்களுக்கு அம்மா சொன்ன நன்றியக் கேட்டா கல்லு கரையும்.

யோவான் 13 படிச்சேன், இயேசு சீடங்க கால கழுவற அதிகாரம். பேதுருவ எனக்கு இன்னைக்கு கொஞ்சம் கூடப் பிடிக்கல. என் கால நீர் கழுவ விடவே மாட்டேங்கிறாரு. கேக்க எவ்ளோ பணிவா இருக்கு! ஆனா இயேசு அதப் பணிவா எடுத்துக்கவே இல்ல, நான் கழுவலன்னா உனக்கு என்கிட்ட பங்கு இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. குடுக்கறவனாவே கடைசிவரைக்கும் இருந்துட்டுப் போயிரணும், வாங்கறவனா ஒரு நிமிஷம் கூட ஆகக்கூடாதுன்னு நெனைக்கறதுலயும் ஒரு பெருமை இருக்கு, தாழ்ச்சியோட துணிய உடுத்திக்கிட்டு. இத அம்மாகிட்ட சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு. ஏன்னா அவங்களோடது பெருமை இல்ல, கூச்சம். பெத்த மகன் முன்னாடி துணி இல்லாம கெடக்கற கூச்சத்த போய் பேதுருவோட கேஸ்ல சேர்த்தா அது அநியாயம். பிரசங்கத்துல இந்த வித்தியாசத்த யாரும் சொல்றதில்ல. தாழ்ச்சின்னா அடங்கிப் போ, வாய மூடு, அதுலயும் பொம்பளைங்கன்னா இன்னும் கொஞ்சம் மூடுன்னுதான் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். ஆனா அந்த அதிகாரத்துல மூணாவது வசனம் என்ன சொல்லுது? தந்தை எல்லாத்தையும் தன் கைல குடுத்துட்டாரு, தான் கடவுள்கிட்டருந்து வந்தவன், அவர்கிட்டயே போறவன், இது தெரிஞ்சுதான் எழுந்திரிச்சு மேலாடைய கழட்டி வச்சுட்டு துண்ட இடுப்புல கட்டறாரு. தான் யாருன்னு தெரிஞ்சவர் குனியறாரு. தான் ஒண்ணுமில்லன்னு நெனச்சு இல்ல.

யூதாஸ் அப்போ அங்கதான் இருந்தான். அவன் கால கழுவும்போது தண்ணி சூடா குளிரா இருந்துச்சோ.

ஏப்ரல் 2

குடிக்கல.

ஏப்ரல் 6

அண்ணன் வீடியோ கால். "நீ செய்யறதுக்கெல்லாம் ஆசீர்வாதம் உண்டுடா." ஆசீர்வாதத்துல பாதிய எடுத்துக்கிட்டு ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போன்னு சொல்ல வாய் வந்துச்சு, அம்மா பார்த்துட்டு இருந்தாங்க. ஊதாரி மகன் கதைல மூத்தவன் வெளிய நின்னுக்கிட்டு இத்தனை வருஷமா அடிமை மாதிரி உழைக்கிறேனேன்னு அப்பாகிட்ட சண்ட போடறான்ல, அவன் உள்ள போனானா இல்லையான்னு லூக்கா எழுதவே இல்ல. இங்க மூத்தவன் தூரத்துல இருக்கான், வாசல்ல நிக்கறது நான்.

ஏப்ரல் 9

ராத்திரி ரெண்டரை இருக்கும். "டேய்." போனேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "வயிறு சரியில்ல." அப்புறம்தான் வாசனை. நான் எதுவும் கேக்காம வெந்நி வைக்கப் போயிட்டேன். லைட்ட அணைங்கிறாங்க, அணைச்சா எப்படிம்மா பார்க்கறது, கடைசில நடைல இருக்கிற லைட்ட மட்டும் போட்டு கதவ தொறந்து வச்சேன். வலது கையால துண்ட எடுத்து முகத்த மூடிக்கிட்டாங்க. "ஜெபமாலை சொல்லு, சத்தமா"ன்னாங்க துண்டுக்குள்ளருந்து. அருள்நிறை மரியே சொல்லிக்கிட்டே அக்கா சொல்லிக் குடுத்த மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முன்னாலருந்து பின்னால தொடச்சு, மடிப்புல ஈரம் இல்லாம ஒத்தி எடுத்து, சுருக்கம் இல்லாம விரிச்சு. நடுவுல நான் எத்தனாவது மணின்னு மறந்துட்டேன், அவங்க துண்டுக்குள்ளருந்து "ஏழு"ன்னு எடுத்துக் குடுத்தாங்க.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"கைய சோப்பு போட்டுக் கழுவு."

ஏப்ரல் 10

முழு டம்ளர். அஞ்சு மணிக்கு மேல!

ஏப்ரல் 17. பெரிய வியாழன்

பாதம் கழுவுற பூசைக்கு நீ போன்னு அம்மா விரட்டினாங்க, போகல. போப் ரோம்ல ரெஜினா சேலி ஜெயிலுக்குப் போயிருக்காரு. 2013ல வந்த முதல் வருஷமே சிறார் ஜெயிலுக்குப் போய் கழுவினவரு. போன வருஷம் பெண்கள் ஜெயில்ல வீல்சேர்ல உக்காந்தே கழுவினாரு, குனிய முடியாதுன்னு அந்தப் பன்னெண்டு பேரையும் உயரமா மேடை மேல உக்கார வச்சிருந்தாங்க. இந்த வருஷம் அதுவும் முடியல, முடியாதுன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டு, ஆனா உங்க பக்கத்துல இருக்க முடியும்னு சொல்லியிருக்காரு. அம்மா கேட்டுட்டு, "சரி, அவரு கால யாரு கழுவினா?" நர்ஸ் இருக்காருல்லம்மான்னேன். ம்ம்னாங்க.

ஏப்ரல் 20

பாஸ்கா, ஈஸ்டர். போப் பால்கனில வந்தாரு. குரல் நல்லாவே இல்ல. அம்மா டிவிக்கு கை காட்டினாங்க, நல்ல கைய.

ஏப்ரல் 21

செத்துட்டாரு. ஸ்ட்ரோக்காம். செத்துட்டாருன்னு சொல்லிரலாம், எதுலன்னு எப்படிச் சொல்றது? டிவி ஒயர பிடுங்கி வச்சிருக்கேன்.

ஏப்ரல் 22

பக்கத்து வீட்டு டிவில கேட்டுட்டாங்க, எதுலங்கிறதும் சேர்த்து. அழல. ரொம்ப நேரம் கழிச்சு, "குளிப்பாட்டினது யாரு? அந்த நர்ஸா?" தெரியலம்மா. "அவராத்தான் இருக்கணும். பழகின கை." உயில்ல என்ன எழுதியிருக்காருன்னு கேட்டாங்க, படிச்சேன். மண்ணுல, சாதாரணமா, அலங்காரம் எதுவும் இல்லாம, ஃப்ரான்சிஸ்குஸ்ங்கிற பேர் மட்டும். "எனக்கு அதுவும் வேணாம்"ன்னு சொல்லிட்டு, கொஞ்சம் யோசிச்சு, "இல்ல, பேர் போடு. தப்பில்லாம எழுதச் சொல்லு, கார்டுல எல்லாம் தப்பாவே இருக்கு"ன்னாங்க.

ஏப்ரல் 24

ஏர் பெட் மோட்டார் சத்தம் மாறியிருக்கு. காத்து இறங்கற மாதிரி தெரியுது. அக்காவுக்கு ஃபோன் போட்டேன், பையன் தேறிட்டானாம், திங்கக்கிழமை வர்றேன்னாங்க. அம்மாகிட்ட சொன்னேன். "வரட்டும், பகலுக்கு"ன்னாங்க.