அவரும் அதையேதான் சொல்வார்

மறைந்த ஓவியர் ஒருவரின் கண்காட்சியைத் தொகுக்கும் க்யூரேட்டராக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி பழைய தாள்கள் சிலவற்றை விரித்துக் காட்டி, 'இதையும் மாட்டலாமே' என்று கேட்டார். நான் சொன்ன பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். "அம்மா, இவை வேலைக்காக வரைந்தவை. நாம் வைக்கப்போவது சாருடைய ஓவியக் கண்காட்சி." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பாதி நேரம் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த அம்மா தாள்களைச் சுருட்டி நாடாவைக் கட்டிக்கொண்டே, "அவரும் அதையேதான் சொல்வார், தம்பி" என்றார். பிறகு காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

அவை சேலை வடிவங்கள். ஓவியர் அரசின் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் வரைந்தவை. கட்டம் போட்ட தாளில் பேட்டு என்கிற கரை, புட்டா என்கிற சிறு பூ வடிவம், முந்தானை. இந்தத் தாள் படம் மட்டும் அல்ல, தறிக்கான கட்டளையும்கூட. நிரப்பிய கட்டம் என்றால் அந்த இடத்தில் பாவு இழை மேலே எழ வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் கீழேயே கிடக்க வேண்டும். இதைப் பார்த்துத்தான் தறியில் இழைகளை இயக்கும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் பிசகினால் அந்தப் பிசகு ஒவ்வொரு புட்டாவிலும் திரும்பத் திரும்ப வரும். அவருடைய பிற்காலத்து அரூப ஓவியங்களில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் நேராக இறங்காமல் படிப்படியாக இறங்கும். விமர்சகர்கள் அதை இசை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படிகளின் பிறப்பிடம் அன்று என் மடியில் விரிந்து கிடந்தது. அதைக் கவனித்த பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

என் பக்கத்து நியாயம் பலவீனமானதல்ல. உயிரோடு இருந்தவரை அவர் தன் தனிக் கண்காட்சி எதிலும் இந்தத் தாள்களை வைத்ததில்லை. இறந்துபோனவர் தன் படைப்பு என்று ஏற்காததை எடுத்து மாட்ட நான் யார்? 1972இல் ஜெர்மனியின் பெரிய கலைக் கண்காட்சியான டாக்குமென்டா ஐந்தாம் முறை நடந்தபோது டேனியல் பியூரென் என்ற பிரெஞ்சுக் கலைஞர் இதைப் பற்றித்தான் சண்டை போட்டார். கண்காட்சிகள் இனி கலைப்படைப்புகளைக் காட்டப்போவதில்லை, தம்மையே படைப்பாகக் காட்டிக்கொள்ளப்போகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. தாளை ஓவியத்துக்கு அருகில் மாட்டியிருந்தால் நான் செய்திருக்கக்கூடியது அதுதான். 'இவர் தறியிலிருந்து வந்தவர்' என்ற என் கண்டுபிடிப்புக்கு அவருடைய வாழ்க்கை சான்றாகியிருக்கும். பார்வையாளர் தாளைப் பார்ப்பார், ஓவியத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார், நகர்ந்துவிடுவார். புதிர் விடுபட்ட ஓவியத்தின் முன் யாரும் நிற்பதில்லை.

போஸ்டர் கலர் பூசிய பழைய தாளுக்கு ஐம்பது லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பதும், அந்தக் கூடத்தில் ஒரு சுவரை மட்டும் இருட்டாக்க வழியில்லை என்பதும் உண்மை. ஆனால் இவை பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது லக்ஸ் எல்லாம் என் நினைவிலேயே இல்லை.

இந்த நியாயம் நம் ஊரில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் தொல்லை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியபோது ஈஞ்சம்பாக்கத்து மணலை வாங்கிய பணம் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்று வந்தது. ஓவியர்கள் ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். ஆதிமூலத்தின் கோடுகளை நம்மில் பலர் முதலில் கண்டது கேலரியில் அல்ல, சிறுபத்திரிகை அட்டையில். சென்னை ஓவியக் கல்லூரியே 1850இல் கைத்தொழில் கற்பிக்கத்தான் உருவானது. வேலை, கலை என்று நான் அந்த அம்மாவிடம் பிரித்துக் காட்டிய கோடு இந்த ஊரின் கலை வரலாற்றில் எங்கேயும் நேராக ஓடவில்லை. மேடையில் பேசும்போது நான் இதைத்தான் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

பியூரென் திட்டிய அந்த டாக்குமென்டாவின் பொறுப்பாளர் ஹரால்ட் ஸேமன். தனித்து இயங்கும் க்யூரேட்டர் என்ற எங்கள் தொழிலுக்கே அவரைத்தான் முன்னோடி என்பார்கள். அவ்வளவு பெரிய கண்காட்சியை முடித்துவிட்டு, 1974இல் பெர்ன் நகரில் ஒரு சாதாரண குடியிருப்பில் தன் தாத்தாவைப் பற்றிக் கண்காட்சி வைத்தார். தாத்தா சிகை அலங்காரக் கலைஞர். அவருடைய தொழிற்கருவிகள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் காட்சியில் இருந்தன. வேலைக்கானவை என்று ஸேமன் எதையும் ஒதுக்கவில்லை. ஆனால் அது அவருடைய சொந்தத் தாத்தா. எனக்கு அந்த உரிமை உண்டா? இல்லை என்கிறேன். உரிமை உள்ளவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாரே என்று உடனே இன்னொரு குரல் கேட்கிறது.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிக்குச் செலவழித்த கேலரிக்காரர் பின்னறையில் அதே ஓவியருடைய கான்வாஸ்களை விற்பனைக்கு வைத்திருந்தார். இதை மாட்டு, அதை மாட்டாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி நான் நடந்துகொண்டேனா என்பதுதான் கேள்வி. இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். யாரிடம் சொல்வது?

இப்போது அந்த அம்மாவின் பதிலுக்கு வருகிறேன். 'நீங்கள் சொல்வது சரி, அவருக்கும் அதுதான் விருப்பம்' என்று அதைக் கேட்கலாம். நான் அன்று அப்படித்தான் கேட்டேன், நிம்மதியும் அடைந்தேன். 'வீட்டை நடத்திய வேலையை அவரும் காலமெல்லாம் இப்படித்தான் மட்டம்தட்டினார், இப்போது நீங்களும் வந்துவிட்டீர்கள்' என்றும் கேட்கலாம். குரலில் கோபம் இல்லை. இல்லாதது எதையும் உறுதிப்படுத்தவில்லை. நாற்பது வருடம் ஓவியரோடு குடும்பம் நடத்தியவர் ஒரு க்யூரேட்டரிடம் கோபத்தைக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுதான் தூங்கவிடுவதில்லை. தாள்களின் ஓரத்தில் நிற எண்கள் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன, இரண்டு விதமான கையெழுத்தில். ஒன்று ஓவியருடையது என்று எனக்குத் தெரியும். இன்னொன்று மையத்தில் கூட வேலை பார்த்தவருடையதாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கண்காட்சிக்கு ஓவியங்களை இரவல் தரும் படிவத்தில் அந்த அம்மா எங்கள் முன்னால் ஓவியங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு எழுதினாரே, அதில் இருந்த '7' எனக்கு எங்கேயோ பார்த்ததாகத் தோன்றியது. 'இதையும் மாட்டலாமே' என்று அவர் கேட்டது கணவருக்காகத்தானா?

வாழ்க்கைக் குறிப்பில் 'நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார்' என்று ஒரு வரி சேர்த்தேன். கண்காட்சி நன்றாகப் போயிற்று. அந்த அம்மாவும் வந்தார், ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் நின்றார், நன்றி சொன்னார்.

சென்ற மாதம் கைத்தறிக் கண்காட்சி ஒன்றுக்காக ஓர் இளம் க்யூரேட்டர் அந்தத் தாள்களைக் கேட்டுத் தொலைபேசினார். எண்ணைக் கொடுத்தேன். பென்சில் குறிப்புகள் யாருடையவை என்று விசாரிக்கும்படி சொன்னேன். "நீங்களே கேட்டதில்லையா சார்?" என்றார். கேட்கவில்லை. கண்காட்சி நடந்த நாட்களில் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏற்ப ஏதாவது செய்திருக்க முடியும். இப்போது நான் கேட்டால் என் மன நிம்மதிக்காக அந்த அம்மாவைத் தொந்தரவு செய்வதாகிவிடும். இந்தப் பெண் கேட்டால் அப்படி இல்லை, சுவர் கையில் இருக்கிறது.