விதைக்கோட்டையும் விளம்பரப் பணமும்

நான் சிறுமியாக இருந்த காலத்தில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருந்த எங்கள் வீட்டின் பின்கட்டில், விதைநெல்லை உள்ளே வைத்து வைக்கோல் புரி சுற்றிச் சாணம் மெழுகிய விதைக்கோட்டைகள் சுவரோரமாக அடுக்கப்பட்டிருக்கும். கார் அறுவடைக்கு இன்னும் நாள் இருந்த ஓர் ஆவணி மாதத்தில் வீட்டில் அரிசி தீர்ந்துபோனது. அடுத்த போகமான பிசானத்துக்கென்று வைத்திருந்த கோட்டைகளில் ஒன்றைப் பிரிக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, "விதைக்கோட்டையில கை வச்சா அடுத்த பூவுக்கு எவன்ட்டப் போயி நிக்கது?" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பா கடைத்தெருவுக்குப் போய்க் கடனுக்கு அரிசி வாங்கி வந்தார். வலைப்பூ எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட பிறகு, வரவு செலவைப் பற்றி நான் படித்த எந்த அறிவுரையும் அந்த ஒரு வாக்கியத்தின் அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கியது 2014-இல். அப்போது பாளையங்கோட்டையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். எழுத்திலிருந்து ஒரு பைசா வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. தமிழ்ப் பக்கங்களை கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். கணக்கில் 10 டாலர் சேர்ந்தவுடன் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். ஓரங்களைக் கிழித்துப் பிரிக்க வேண்டிய அந்தச் சிறிய உறையைத் தபால்காரர் கொண்டுவந்து தந்தபோது, அதில் பணம் எதுவும் இல்லை, ஓர் எண் மட்டுமே இருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள் என்பதால், முதல் தொகை வங்கிக்கு வந்து சேர அந்த ஆண்டின் கார்த்திகை ஆகிவிட்டது. எட்டு மாத உழைப்புக்குக் கையில் கிடைத்தது ஏறக்குறைய 7,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து எதற்காகப் பணம் வருகிறது என்று வங்கியில் கேட்டு, ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். விளம்பர வருமானம் என்று எழுதிக் கையெழுத்திட்ட அந்த நொடியில்தான் இது ஒரு தொழில் என்ற எண்ணமே எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம், திரையில் தெரியும் தொகையைக் கையில் இருக்கும் பணமாக எண்ணுவதுதான். ஒரு மாதம் முழுவதும் காட்டப்படுவது மதிப்பீடு மட்டுமே. விளம்பரங்களின் மேல் விழுந்த செல்லாத சொடுக்குகளுக்கு உரியதைக் கழித்து, அடுத்த மாதத் தொடக்கத்தில் அதை இறுதி செய்து, 21-ஆம் தேதிக்கும் 26-ஆம் தேதிக்கும் இடையில் அனுப்புகிறார்கள். வங்கியில் வரவாவதற்கு அதற்கு மேலும் சில நாட்கள் பிடிக்கும். அதாவது மாதத்தின் முதல் தேதியில் எழுதியதற்கு உரிய பணம் கைக்கு வர இரண்டு மாதங்கள் ஆகிவிடும். இந்த இடைவெளியைக் கடன் அட்டையால் நிரப்பத் தொடங்கிய நண்பர்கள் சிலர் எழுத்தையே விட்டுவிட்டார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இந்த வருமானத்துக்கும் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. நவராத்திரியிலிருந்து டிசம்பர் கடைசி வரை விளம்பரதாரர்கள் தாராளமாகச் செலவிடுவதால், அதே எண்ணிக்கையில் வாசகர்கள் வந்தாலும் வருமானம் கூடும். ஜனவரி பிறந்ததும் சட்டென்று சரியும். தீபாவளி மாதத்து வரவை வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிட்டால் தையில் தவிக்க வேண்டியிருக்கும். ஆகவே வரும் பணம் அனைத்தையும் ஒரு வங்கிக் கணக்கில் சேர்த்துவிட்டு, மாதத்தின் முதல் தேதியில் ஒரே அளவான தொகையை வீட்டுக் கணக்குக்குச் சம்பளமாக மாற்றிக்கொள்கிறேன். கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியே அந்தச் சம்பளம். நல்ல மாதங்களில் இது மிகச் சிறிய தொகையாகத் தோன்றும், வீட்டிலும் முணுமுணுப்பு எழும். ஆனாலும் தேடுபொறியே விடையை மேலே எழுதிக் காட்டத் தொடங்கி, வாசகர்கள் என் பக்கத்துக்கு வராமலே திரும்பிப்போகும் இந்தக் காலத்தில், அந்தச் சிறிய தொகைதான் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது.

விதைக்கோட்டை என்று நான் சொல்வது டொமைன் என்ற தள முகவரிக்கும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஒதுக்கிய பணத்தை. முதல் ஆண்டுக்குச் சலுகை விலையில் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது முழு விலையையும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கேட்பது இத்தொழிலின் வழக்கம் என்பதால், புதுப்பிக்கும் விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதந்தோறும் எடுத்துவைக்கிறேன். பணம் இருந்தும் நான் பட்ட அடி ஒன்று உண்டு. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. என் ஹோஸ்டிங் கட்டணம் அந்த மாதக் கடைசியில் தானாகப் போகும் என்று நம்பி இருந்தேன், போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சலும் விளம்பரக் கடிதங்களுக்கு இடையில் புதைந்துவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகத் தளம் நின்றுபோனது. முந்திரிக்கொத்துச் செய்முறையை ஆண்டிலேயே அதிகம் பேர் தேடும் நாட்கள் அவை. மஸ்கட்டிலிருந்து ஒரு வாசகி, "அக்கா, உங்க பக்கம் திறக்கலையே" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று முதல் இரண்டு மாதம் முன்னதாக நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, நானே கையால் கட்டுகிறேன்.

செலவை மாதக் கணக்காக மட்டும் பார்க்காமல் கட்டுரைக் கணக்காகவும் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது பத்தமடை. கோரைப் பாயைப் பற்றி எழுத 2019-இல் அங்கே மூன்று முறை போனேன். பேருந்து, சாப்பாடு, நெய்யும் அம்மாள் ஒருவரிடம் விலை பேசாமல் வாங்கிய ஒரு சிறிய தடுக்கு எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய் ஆயிற்று. கோரையைக் கீறி ஆற்றுநீரில் ஊறப்போடுவதையும், ஊறிய கோரை விரலுக்கிடையில் நூலாக மெலிவதையும் அருகிலிருந்து பார்த்து எழுதிய அந்தக் கட்டுரை முதல் மாதத்தில் 60 ரூபாய்கூட ஈட்டவில்லை. இன்றுவரை அது நாள்தோறும் படிக்கப்படுகிறது; தன் செலவைப் பல மடங்கு திருப்பிக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டில் ஆனித் தேரோட்டத்தன்று அவசரமாக எழுதிய செய்திக் கட்டுரை மூன்று நாளில் அடங்கிப்போனது. எனவே மாதத்துக்கு எட்டு அவசரக் கட்டுரைகளை விட்டுவிட்டு, மெதுவாக வளரும் இரண்டை எழுதுகிறேன்.

உள்ளூர் விளம்பரங்களில் கசப்பும் உண்டு. ஒரு ஜவுளிக்கடைக்காக எழுதிய கட்டுரைக்குப் பணத்துக்குப் பதிலாகத் துணி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறொரு நிறுவனம் 10 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. பிடித்ததை என் பான் எண்ணில் செலுத்தவே இல்லை என்பது என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் பாதிப் பணம் முன்பணமாக வராமல் எழுத உட்காருவதில்லை. பணம் பெற்று எழுதியது விளம்பரம் என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறிப்பிடுகிறேன். அதற்கு ஒப்பாதவர்களை விட்டுவிடுகிறேன்.

வரும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு வருமான வரிக்கென்று தனியாகப் போகிறது. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் ஆண்டு முடியும் முன்பே தவணைகளாக முன்வரி கட்ட வேண்டும் என்பதால், தணிக்கையாளர் குறித்துக் கொடுத்த தேதிகள் அதே நாட்காட்டியில் நீல மையில் இருக்கின்றன. டிசம்பர் 15-க்கு உரியதை நேற்றே கட்டிவிட்டேன். வீட்டுச் சம்பளத்தை 2,000 ரூபாய் கூட்ட வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார்கள். தை, மாசி இரண்டு மாத வரவையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.