சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

"இதைக் கட்டாயமாக நிரப்ப வேண்டுமா?" என்று ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு அம்மா கேட்டார். எங்கள் மாணவர் பதிவு மென்பொருளை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்றேன். மென்பொருளைப் பற்றிய கேள்விக்கு அது சரியான பதில்தான். அப்புறம் நான் பேசியதைத்தான் இன்னும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அறிக்கைகள் எப்படி வரும் என்று காட்டுவதற்காக, நம் ஊர்க் கல்லூரிகளில் ஓடும் பதிப்பைத் திறந்து வைத்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, அதற்குக் கீழே 'கம்யூனிட்டி'. சொடுக்கினால் ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று பட்டியல் இறங்கும். ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம். கிகாலிக்குத் தரும் பதிப்பில் இது இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் அவர் விடவில்லை. பிறப்பை வைத்தா என்றார். ஆமாம் என்றேன். "எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் என் அப்பா. இந்தக் கட்டம் இல்லையென்றால் அது நடந்திருக்காது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"இங்கேயும் நியாயத்துக்காகத்தான் என்றார்கள்" என்றார். உடனே தேர்வுக் கட்டண ரசீது எப்படி அச்சாகும் என்று கேட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

கிகாலியில் இருக்கும் கிசோசி நினைவகத்துக்கு நானும் போயிருக்கிறேன். 1994 இனப்படுகொலையில் செத்தவர்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கும் இடம். பழைய அடையாள அட்டையை அங்கே பார்க்கலாம். புகைப்படத்துக்குப் பக்கத்தில் நாட்டின் இனப் பெயர்களான ஹூட்டு (பெரும்பான்மையினர்), டுட்சி, ட்வா என்று வரிசையாக அச்சடித்திருக்கும். பொருந்தாதவற்றை எழுத்தர் பேனாவால் அடித்துவிடுவார். அடிபடாமல் நிற்பது எதுவோ, அதுதான் நீங்கள். காலியாக விட வழியில்லை.

இந்தப் பதிவை 1930களில் கொண்டுவந்தவர்கள் பெல்ஜியர்கள். அதற்கு முன் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று சொல்வது அபத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ருவாபுகிரி மன்னர் காலத்திலேயே மேல் கீழ் இறுகிவிட்டது, ஹூட்டுகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் மொழி ஒன்று, குலப் பெயர்கள் பொது, மாடு சேர்ந்தால் ஒருவன் மேலே போகவும் இடமிருந்தது. டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்ற ஐரோப்பியக் கதையை நம்பிய பெல்ஜியம், தலைவர் பதவிகளை அநேகமாக அவர்களுக்கே கொடுத்து, அட்டை போட்டு அந்த இடத்தையும் அடைத்தது. டுட்சிகள் சுதந்திரம் கேட்கத் தொடங்கியதும் அதே பெல்ஜியம் ஹூட்டுகள் பக்கம் சாய்ந்தது.

அந்த அம்மா சொன்ன 'நியாயம்' இதற்குப் பிந்தையது. 1962இல் சுதந்திரம் வந்த பிறகு, குறிப்பாக 1973இல் ஹூட்டு ராணுவத் தளபதி ஹபியாரிமானா ஆட்சியைப் பிடித்த பிறகு, பள்ளியிலும் அரசு வேலையிலும் டுட்சிகளுக்குச் சுமார் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று வைத்தார்கள். சமநிலை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

நம் இட ஒதுக்கீடு வேறு, அது வேறு என்று அன்றே சொல்லியிருக்கலாம். நம்முடையது, இவ்வளவு பேரையாவது உள்ளே விடு என்பது. அங்கே இருந்தது, இதற்கு மேல் விடாதே என்பது. இந்த வித்தியாசம் சின்னதில்லை. ஒரு வாரம் இதைச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்புறம் 1957இல் ஹூட்டுத் தலைவர்கள் வெளியிட்ட பஹுட்டு அறிக்கையைப் படித்தேன். பின்னாளில் குடியரசுத் தலைவரான கயிபண்டா உட்பட ஒன்பது பேர் கையெழுத்திட்டது. அடையாள அட்டையிலிருந்து இனப் பெயரை எடுக்கக் கூடாது என்கிறது அது. எடுத்துவிட்டால் பாகுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், புள்ளிவிவரத்தால் உண்மையை நிறுவ முடியாது என்பது அவர்கள் வாதம். இதையேதான் சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று நான் நண்பர்களிடம் மல்லுக்கட்டும்போது சொல்வேன். 1957இல் அவர்கள் சொன்னது பொய்யில்லை, பாகுபாடு இருந்தது. 1990இல் அந்தக் குறிப்பை நீக்கப் போவதாக ஹபியாரிமானாவே அறிவித்தார், ஆனால் அட்டைகள் மாறவில்லை. 1994 ஏப்ரல் 6 இரவு அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளிலிருந்து டுட்சிகளைத் தேடிக் கொன்றவர்கள் சாலைத் தடுப்புகளில் கேட்டது அந்த அட்டையைத்தான். சுமார் 100 நாள். செத்தவர்கள் 8 லட்சம் என்பது பரவலான கணக்கு, 10 லட்சத்துக்கு மேல் என்பது அரசின் கணக்கு.

அட்டை இல்லாவிட்டால் நின்றிருக்குமா? மலைக் கிராமங்களில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அட்டை தேவைப்படவில்லை, யார் யார் என்று அவனுக்குத் தெரியும். ஆணையிட்ட அதிகாரிகளும் வெறியேற்றிய வானொலியும் இல்லாமல் ஒரு கட்டம் யாரையும் கொல்லாது. நான் நம்புவது இதைத்தான். ஆனால் இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொரு நாள் அவர், தான் படித்த காலத்தில் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு இனமாக எழுந்து நிற்கச் சொல்வார் என்றார். அவர் எப்போது எழுந்தார் என்று சொல்லவில்லை. இங்கே அதைக் கேட்கவும் மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, ஆனால் ஊகித்துப் பார்த்தேன். அவர் எந்தப் பக்கம் என்பதை வைத்து என் வாதத்தின் எடை மாறும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது, அதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கிகாலிப் பதிப்பைத் தயாரிக்கும்போது, அந்தக் கட்டத்தை மறைத்தால் போதுமா, அழிக்க வேண்டுமா என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். மறைப்பது ஐந்து நிமிட வேலை. அழித்தால் பல அறிக்கைகளை மறுபடி எழுத வேண்டும். அழிக்கச் சொன்னேன். மறைத்து வைத்ததை யாரும் திரும்பத் திறக்கலாம் இல்லையா? நாடே 1990களில் அட்டையிலிருந்து நீக்கிவிட்டதை நான் ஏன் உள்ளே வைத்திருக்க வேண்டும்?

சரி, ஆனால் அடுத்த மாதமே அந்த அம்மா புதிதாக ஒரு கட்டம் கேட்டார். கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்பதற்கு. பெற்றோர், அரசுக் கடன், அப்புறம் டுட்சி இனப்படுகொலையில் தப்பியவர்களுக்காக 1998இல் தொடங்கிய அரசு நிதி. கட்டாயமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் பணம் வந்து சேராது என்றார். நான் அன்று சொல்ல வந்ததும் இதுதானே என்று ஒரு கணம் நினைத்தேன். தப்பிப் பிழைத்ததும் பிறப்பும் ஒன்றல்ல என்பதால் அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டேன். முழுக்க விட்டேனா என்றால் தெரியவில்லை.

பக்கத்து நாடான புருண்டி நேர் எதிர் வழியில் போனது. 2005 அரசியலமைப்பில் நாடாளுமன்ற இடங்கள் 60 சதவீதம் ஹூட்டு, 40 சதவீதம் டுட்சி, ட்வாவுக்கு மூன்று என்று எழுதியே வைத்தார்கள். ருவாண்டாவில் ட்வா என்ற பெயரே அரசுக் காகிதத்தில் வராது, 'வரலாற்றில் ஒதுக்கப்பட்டோர்' என்பார்கள். மாணவர்களைப் பாலினம், மாவட்டம், மாற்றுத்திறன் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்து அறிக்கை எடுக்கலாம், அமைச்சகத்துக்கு அனுப்பவும் செய்கிறோம். ட்வா பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் நான் எழுதிய மென்பொருளில் பதில் கிடையாது. இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.